சக்கரமும் ஏரிக்கரைக்கு வரட்டும்!



"நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்கடா. நான் வண்டியிலேயே இருக்கேன்."

போன வருடம் எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர் வேன் பிடித்துப் பழவேற்காடு போயிருந்தோம். அங்கே எங்களில் ஒருவன் சொன்ன வார்த்தை இது. விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வருபவன். கணக்கிலும் டிராயிங்கிலும் எங்களுக்கு அவன்தான் வாத்தியார்! ரோடு முடிந்த இடத்தில் மணல் ஆரம்பித்தது. தண்ணீர் விளிம்புக்கு இன்னும் அறுபது அடிதான். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினோம். நாலடி போவதற்குள் முன்சக்கரம் புதைந்துவிட்டது. "தூக்கிட்டுப் போறோம்டா" என்றோம். "மூட்டை மாதிரியா? வேணாம்" என்றான்.

எனக்குச் சொந்த ஊரே ஏரிக்கரை மீனவ கிராமம்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசலிலேயே உட்கார வைத்த மாதிரி இருந்தது. அதைவிட வெட்கம் இன்னொன்று. பாலம், அணை என்றெல்லாம் படிக்கிற நமக்கு அறுபது அடி மணலைத் தாண்ட வழி தெரியவில்லையே! அந்த வெட்கத்தில் தேடித் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்க ஊர் ஏரி

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரம். பொன்னேரி வழியாகப் பஸ் உண்டு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலுமாகப் பரந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள்.

ஒரு துக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். ஏரியைப் பார்க்கப் படகுதான் ஏற வேண்டும் என்பதில்லை. கரையோரமாக நல்ல நடைபாதை இருந்தால், தரையில் இருந்தபடியே பாதுகாப்பாக எல்லோரும் பார்க்கலாம்.

சக்கரம் ஏன் புதைகிறது?

முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். எடையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பங்கைத் தாங்கும் முன்சக்கரங்கள் தரையைத் தொடுவதோ சில சதுர சென்டிமீட்டர்தான். உலர்ந்த மணலுக்கு ஒட்டும் தன்மை கிடையாது. அழுத்தம் கூடினால் பக்கவாட்டில் விலகிவிடும். சக்கரம் உள்ளே போகும், முன்னால் மணல் குவியும், அவ்வளவுதான், வண்டி நின்றது!

இதற்கு மருந்து நாம் படித்ததேதான். தூணின் எடையை அஸ்திவாரம் எப்படிப் பரப்புகிறதோ, அதே மாதிரி மணல் மேல் பலகைப் பாதை எடையைப் பரப்புகிறது.

மெரினா கற்றுத் தந்த பாடம்

பலகைப் பாதையைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். 2022 நவம்பர் 27 அன்று சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். அதற்கு முன் சில வருடங்கள் டிசம்பரில் தற்காலிகப் பாதை மட்டும் போடுவார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அலையைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் அங்கே உண்டு.

ஆனால் திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 இரவு கரையைக் கடந்த மாண்டஸ் புயலில் கடலோரப் பகுதி பெயர்ந்துபோனது. பிறகு சரிசெய்தார்கள். நமக்கு என்ன பாடம்? தண்ணீர் பக்கத்துக் கடைசித் துண்டைக் கழற்றி மாட்டும்படி செய்ய வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் ஊர்க்காரர்களே கழற்றி மேட்டில் வைத்துவிடலாம். வலையையும் படகையும் மேடேற்றத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையா என்ன!

அளவுதான் உயிர்

பாதை என்ற பேரில் எதையாவது போட்டால் போதாது. சில அளவுகளை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்:

சரிவு: 12-க்கு 1. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். 150 மி.மீ. படி இரண்டு இருந்தால் உயரம் 300 மி.மீ.; அதற்கு 3.6 மீட்டர் சாய்தளம் வேண்டும். 20-க்கு 1 என்றால் துணையில்லாமல் ஏறலாம், கை வலிக்காது.

அகலம்: குறைந்தது 1.2 மீட்டர். இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் விலக 1.8 மீட்டர். திரும்புவதற்கு 1.5 மீட்டர் விட்டமுள்ள இடம்.

இடைவெளி: பலகைகளைப் போகும் திசைக்குக் குறுக்காகப் பதிக்க வேண்டும். நீளவாக்கில் பதித்தால் சந்தில் சக்கரம் மாட்டிக்கொள்ளும். இரண்டு பலகைக்கு நடுவே 12 மி.மீ.க்கு மேல் சந்து கூடாது.

ஓரம்: இரண்டு பக்கமும் சுமார் 75 மி.மீ. உயர விளிம்புக் கட்டை. சக்கரம் நழுவாது. பார்வையற்றவரின் கோலுக்கும் அதுதான் வழிகாட்டி.

ஆணி, போல்ட்: உப்புக்காற்றில் சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சு அல்லது எவர்சில்வர்தான் தாங்கும்.

சக்கர நாற்காலியோடு விஷயம் முடியவில்லை. பார்வையற்றவருக்குப் பறவைச் சத்தமும், பிரெயில் பலகையும், தொட்டுப் பார்க்கச் சிற்பத்தின் மாதிரி வடிவமும் வேண்டும். காது கேளாதவருக்குப் படத்தோடு தெளிவான எழுத்து வேண்டும். முதியவருக்கு அங்கங்கே கைப்பிடியுள்ள பெஞ்சும் நிழலும். பறவை பார்க்கும் மறைப்புத் தட்டியில் நிற்பவருக்கு மட்டும் ஓட்டை வைத்தால் எப்படி? உட்கார்ந்திருப்பவர் கண் சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கேயும் ஒரு ஓட்டை வையுங்கள்!

ஏரிக்கும் வலிக்கக் கூடாது

'சிமென்ட் ரோடு போட்டால் முடிஞ்சுதே' என்று கேட்பீர்கள். கரையில் கான்கிரீட்டைக் கொட்டினால் தண்ணீர் போக்கு மாறும், மண் அரிக்கும். கடலோர ஒழுங்குமுறை விதிகளும், பறவைகள் சரணாலயம் என்பதால் வனவிலங்குச் சட்டமும் குறுக்கே நிற்கும். நிற்கவும் வேண்டும். கட்டைக்கால் மேல் நிற்கும் பாதையின் அடியில் தண்ணீர் போகும், நண்டு போகும். தேவைப்பட்டால் தடயம் இல்லாமல் கழற்றிவிடலாம். எந்த இடத்தில் போடுவது என்பதை மட்டும் முதலில் மீனவர்களிடம் கேட்க வேண்டும். படகு இழுக்கும் வழியையும் வலை காயப்போடும் இடத்தையும் மறித்துப் போட்டால் அது பாதை இல்லை, தொல்லை.

யாருக்காக?

"ஏதோ நாலு பேருக்காக இவ்வளவு செலவா?" என்று நினைக்கலாம். என் ஆயா நாற்பது வருடம் மீன் கூடை சுமந்தவர். இப்போது முழங்கால் வலி. வாசலில் இருந்து ஏரியின் சத்தம் கேட்கும், ஆனால் கரைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரர், ஐஸ் பெட்டி தள்ளுபவர், கால் சுளுக்கிய கபடி வீரர்... எல்லோருக்கும் அதே பாதைதான். நாமும் ஒருநாள் கிழவராகத்தான் போகிறோம்!

இது தர்மமும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்கையும் உரிமை என்கிறது. அணுகல் விதிகள் வெறும் ஆலோசனையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் மத்திய அரசு நிலங்களுக்கு 2013-ல் வந்த விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. புதிய நடைபாதையின் தொடக்கத்தில் பலகை வைத்தால் நீளம், அகலம், சரிவு, தரையின் வகை எல்லாவற்றையும் எழுத வேண்டும். 'உன்னால் முடியாது' என்று அடுத்தவர் தீர்மானிப்பதில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் வருபவரே முடிவு செய்துகொள்வார்.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஒரு டேப், ஒரு டியூப் லெவல், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். திரும்பி வரும் வழியில் நண்பனிடம் "கரையில் எங்கே பாதை போடலாம், நீயே சொல்லு" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: "கரையை விடு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பி. பஸ்ஸே ஏற முடியாதவனுக்குக் கரையில் பலகை எதுக்கு? நடுவில் ஒரு கழிவறைக் கதவு 900 மி.மீ. இல்லைன்னாலும் நான் வர மாட்டேன்."

உண்மைதான். பாதை என்பது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி விட்டாலும் சங்கிலி இல்லை!

இந்த வருடம் பஸ் நிறுத்தம் முதல் தண்ணீர் விளிம்பு வரை அளக்கப் போகிறோம். அளவு எடுப்பது நாங்கள். டிராயிங் போடப்போவது அவன். வருகிறவர்கள் டேப்போடு வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்