தலைவர் போனால் அடுத்து யார்?

தீயணைப்பு வண்டி வந்தா நாம தண்ணி அடிக்கிறதைத்தான் வேடிக்கை பார்ப்போம். உத்தரவு போடுறது யாருன்னு பார்க்க மாட்டோம்.

நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரம் இடிந்து 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தலைமை அதிகாரி பீட்டர் கான்சியும் அதில் ஒருவர். முதல் கோபுரம் விழுந்ததும் தன் ஆட்களை வடக்கே அனுப்பிவிட்டு, அவர் தெற்கே இடிபாட்டுப் பக்கம் போனார். துறையில் எல்லாப் பதவியும் பார்த்த 71 வயது வில்லியம் ஃபீஹானும் இறந்தார்.

தீ இன்னும் அணையல. உத்தரவு போட ஆள் வேணுமே! லெப்டினன்ட், கேப்டன், பட்டாலியன் தலைவர் என்று அங்கே படிப்படியாகப் பதவி உண்டு. செப்டம்பர் 16 அன்றே நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். கான்சியின் இடத்துக்கு டேனியல் நைக்ரோ வந்தார்.

பதவி உயர்வுன்னா நம்ம ஊர்ல மிட்டாய் கொடுப்பாங்க. அன்னைக்கு அங்கே யாருக்கு மிட்டாய் வாங்கத் தோணியிருக்கும்?