நாளிதழும் நிலைத்த பாடமும்

வியன்னா நகரில் 1703ஆம் ஆண்டு தோன்றிய 'வீனர் சைட்டுங்' என்னும் செய்தித்தாள், 2023ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாளோடு நாள்தோறும் அச்சாவதை நிறுத்தி இணையத்தை நாடிற்று. இலண்டன் 'இண்டிபெண்டன்ட்' 2016ஆம் ஆண்டிலேயே அந்நிலை எய்திற்று. அச்சு நாளிதழ் நிலைக்குமா என்னும் வினாவைப் பலரும் வாணிக நோக்கில் எழுப்புகின்றனர். தமிழாராய்வார்க்கு அது பாடம் பற்றிய வினாவும் ஆகும்.

பாரதியார் 1904ஆம் ஆண்டு 'சுதேசமித்திரன்' அலுவலகத்தில் சேர்ந்தார். அவருடைய உரைநடையில் பெரும்பகுதி இதழ்களிலேயே முதலில் வெளிவந்தது. அவர் 1921இல் மறைந்து முப்பதாண்டு கழிந்தபின், பெ. தூரன் சுதேசமித்திரனின் பழைய இதழ்களைத் துருவி, அவற்றிற் கிடந்த எழுத்துகளைத் தொகுத்து, 'பாரதி தமிழ்' என 1953இல் வெளியிட்டார். அன்று அச்சேறிய தாள் அன்றைய எழுத்தோடு அப்படியே இருந்தமையால் அன்றோ அப்பணி இயன்றது?

இணையப் பக்கத்தின் இயல்பு வேறு. காலையில் இட்ட தலைப்பு மாலையில் மாறலாம்; பல வேளைகளில் மாறிய தடமும் இராது. ஏடெழுதுவோரும் பாடத்தை வேறுபடுத்தினர். எனினும் இரு சுவடிகளை ஒப்பிட்டு அவ்வேறுபாட்டைக் காண முடிந்தது. இங்கோ பிந்திய பாடம் முந்தியதை அழித்துவிட்டு அதன் இடத்தில் அமர்கின்றது. 'இணையக் காப்பகம்' 1996 முதல் படியெடுத்து வருகின்றது என்பது உண்மையே. ஆயினும் எல்லாப் பக்கங்களும் எல்லா மாற்றங்களும் அதில் அகப்படுவதில்லை.

தாளோ அழியாதது என்று கூறுதற்கில்லை. மரக்கூழிற் செய்த மலிவுத் தாள் பழுத்து நொறுங்குவதைப் பழந்தொகுதிகளைப் புரட்டியோர் அறிவர். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய ஏடுகளை நுண்படமாக எடுத்துக் காப்பதும் அதுபற்றியே. ஒரு கட்டுரையைத் தேடி ஓராண்டுத் தொகுதி முழுவதையும் புரட்டிய காலம் மீள வேண்டும் என யானும் விழையேன்.

ஆகவே காக்கற்பாலது தாளன்று, நாளிட்டு நிலைத்த படியே. நூல்களை நூலகங்கட்கு அளிக்க வகுத்த 1954ஆம் ஆண்டுச் சட்டம், 1956இல் செய்தித்தாள்களையும் தழுவிற்று. சென்னைக் கன்னிமாரா நூலகம் அவ்வாறு படி பெறுவனவற்றுள் ஒன்று. எனினும் அச்சிட்டதையே அச்சட்டம் செய்தித்தாள் எனக் கொள்கின்றது. பிரித்தானியாவிலோ 2013ஆம் ஆண்டு விதிகள் இணைய வெளியீடுகளையும் வைப்பு நூலகங்கள் திரட்ட இடந்தந்தன.

இத்தகைய ஏற்பாடு ஈண்டு அமையுமளவும், இணையக் கட்டுரையை மேற்கோளாகக் கொள்ளும் ஆய்வு மாணவர், கண்ட நாளைக் குறிப்பதோடு, கண்ட வடிவின் படியையும் ஆய்வேட்டிற்குப் பின்னிணைப்பாக்குதல் வேண்டும். ஏட்டின் பருமனைக் கண்டு துறை நூலகத்தார் முகஞ்சுளித்தலும் கூடும்.