வெல்டின் இரு முனைகளையும் பாருங்கள்

இழுத்துச் செல்லும் வீடு – 9

போன வாரம் ரிவெட்டைப் பற்றிப் பேசினோம். விமானம் கட்டிப் பழகிய ஹாலி பவுலஸ் 1934-ல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து ஒரு டிரெய்லர் செய்ததையும், அதே வழியில் வாலி பையம் 1936-ல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரைக் கொண்டுவந்ததையும் பார்த்தோம். ரிவெட்டில் ஒரு நிம்மதி உண்டு. தளர்ந்துவிட்டால் தலையைச் சுற்றிக் கறுப்பாகத் தூள் கசிந்து, கண்ணுக்கே காட்டிக்கொடுத்துவிடும். வெல்டு அப்படி எளிதில் பிடிபடாது. மேலே மினுங்கும், அடியில் பிடித்தே இருக்காது. இன்று அமெரிக்காவில் விற்கும் டிராவல் டிரெய்லர்களில் பலவற்றின் சுவர்க்கூடு அலுமினியச் சதுரக் குழாய்களை வெல்டு செய்ததுதான். சேஸிஸையே அலுமினியத்தில் செய்பவர்களும் உண்டு. மலைப்பாதையில் காருக்குப் பின்னால் குடும்பத்தின் படுக்கையும் அடுப்பும் குலுங்கிக்கொண்டு வரும்போது, எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது இந்த வெல்டுகள்தான்.

டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெல்டின் நடுப்பகுதியைப் பார்க்கிறார்கள். அலை அலையாக, ஒரே இடைவெளியில், வெள்ளியாகப் பளபளத்தால் மயங்கிவிடுகிறார்கள். நான் நடுவை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. எங்கே தொடங்கினார், எங்கே கையை எடுத்தார், இந்த இரண்டு இடங்களில்தான் வெல்டரின் கைத்திறமை தெரியும்.

காரணம் அலுமினியத்தின் குணம். இரும்பு உருகுவதற்கு முன் சிவக்கும், மஞ்சளிக்கும், வெல்டருக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் நிறமே மாறாமல் திடீரென்று உருகிவிடும். அதன் மேல் தானாகப் படியும் ஆக்சைடு தோலோ 2,000 டிகிரி தாண்டியும் உருகாது. அந்தத் தோலை முதலில் போக்காமல் வெல்டு வைத்தால், தோலுக்கு மேல் ஒரு உலோகம், கீழே ஒரு உலோகம் என்று இரண்டும் ஒட்டாமல் கிடக்கும். போதாததற்கு, அலுமினியம் சூட்டை இரும்பைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாக இழுத்துப் பரப்பிவிடும்.

அதனால்தான் தொடக்கம் கடினம். வெல்டிங் துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் வரும் கம்பி உருகிவிடும், ஆனால் அடியில் இருக்கும் குழாய் இன்னும் குளிர்ந்தே இருக்கும். சூடு முழுக்கக் குழாய்க்குள் ஓடிவிடுகிறது. விளைவாக, வெல்டின் முதல் அரை அங்குலம் தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு மேலே உட்கார்ந்திருக்கும். ஓரம் குழாயோடு இழைந்து இறங்காது. நகத்தை வெல்டின் ஓரத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். நல்ல வெல்டில் நகம் சறுக்கி மேலேறும். பிடிக்காத வெல்டில் ஓரத்து இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும். அனுபவசாலி வெல்டர் தொடக்கத்தில் சூட்டைக் கூட்டிவைப்பார், அல்லது சற்றுத் தள்ளித் தொடங்கித் திரும்பி வந்து அந்த இடத்தின் மேலேயே ஓட்டுவார்.

முடிவில் பிரச்சினை வேறு. இப்போது குழாய் நன்றாகச் சூடேறியிருக்கிறது. வெல்டர் விரலை வெடுக்கென்று எடுத்தால், உருகிய குளம் இறுகும்போது சுருங்கி நடுவில் ஒரு பள்ளம் விழும். இதை வெல்டர்கள் கிரேட்டர் என்பார்கள். அந்தப் பள்ளத்தின் நடுவிலிருந்து நட்சத்திரம்போல் மயிரிழைக் கீறல்கள் பிரியும். அலுமினிய வெல்டில் விரிசல் பிறக்கும் இடங்களில் முக்கியமானது இதுதான். கம்பியைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, பள்ளத்தை மேடாக நிரப்பிவிட்டு முடித்திருக்கிறாரா என்று பாருங்கள். பத்து முனைகளில் எட்டு பள்ளமாக இருந்தால், அந்த வண்டியைச் செய்த பட்டறையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அர்த்தம்.

சந்தேகம் வந்தால் சாயச் சோதனை செய்யலாம். மூன்று ஸ்பிரே டப்பாக்கள் ஒரு பெட்டியாகக் கடையில் கிடைக்கும். இடத்தைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கழுவும் திரவத்தை நேரே வெல்டின் மேல் அடித்தால் கீறலுக்குள் போன சாயமும் வெளியேறிவிடும், துணியில் நனைத்தே துடையுங்கள். கடைசியாக வெள்ளைப் பவுடர் ஸ்பிரே. சில நிமிடங்களில் கீறலிலிருந்து சாயம் வெள்ளையின் மேல் கசிந்து வரும். புள்ளியாக வந்தால் ஊசித்துளை. கோடாக வந்தால் விரிசல்.

ஊசித்துளைகளைச் செய்வது ஹைட்ரஜன். ஈரம், எண்ணெய், கிரீஸ் எதிலிருந்தும் அது வரும். உருகிய அலுமினியம் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும் ஹைட்ரஜன், இறுகிய அலுமினியத்தைவிட ஏறத்தாழ 20 மடங்கு. இறுகும் நொடியில் வெளியேற வழியில்லாமல் குமிழாகச் சிக்கிக்கொள்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் நான் கவலைப்படமாட்டேன். வரிசையாக இருந்தால் கவலைப்படுவேன். வெல்டைச் சுற்றிக் கரி படிந்திருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். 5356 என்ற மெக்னீசியம் கலந்த கம்பியில் அது இயல்பு. விரலால் துடைத்தால் போய்விடும், அடியில் வெள்ளியாக இருந்தால் சரி. துடைத்த பிறகும் வெல்டே சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால், வெல்டைக் காற்றிலிருந்து காக்க வேண்டிய ஆர்கான் வாயு சரியாக மூடவில்லை.

இனி சொல்லப்போவது, எவ்வளவு அழகான வெல்டுக்கும் பொருந்தும். இத்தகைய சட்டங்களில் பரவலாகப் புழங்கும் 6061-டி6 கலவை, வெல்டுக்கு முன் சுமார் 310 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும். வெல்டு செய்த இணைப்புக்கு அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.2 விதிநூல் எதிர்பார்ப்பது 165 மட்டுமே. கிட்டத்தட்டப் பாதி. பக்குவச் சூட்டில் பெற்ற வலிமையை வெல்டின் சூடு கரைத்துவிடுகிறது. வெல்டுக்கு இருபுறமும் ஓர் அங்குலம் வரை இந்தப் பலவீனம் பரவும் என்று கணக்குப் போட்டுத்தான் பொறியாளர்கள் வடிவமைக்கிறார்கள். மேலும், இரும்பைப் போலக் குறிப்பிட்ட சுமைக்குக் கீழே எத்தனை முறை குலுங்கினாலும் களைக்காது என்கிற எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் சேரும்.

ஆகவே வெல்டு எப்படி இருக்கிறது என்பதோடு எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் ஹேங்கர், முன்னால் ஏ வடிவத்தில் நீளும் சட்டம் உடலோடு சேரும் இடம், இந்த இரண்டும்தான் அதிகம் அடிவாங்கும். பிரதான சட்டத்தின் அடிப்பக்கத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெல்டு ஓடினால் எனக்குப் பிடிக்காது. நீளவாக்கில் ஓடினால் நல்லது.

ஒஹாயோவில் இருக்கும் நண்பர் குடும்பத்துக்காக ஒரு பழைய டிரெய்லரைப் பார்க்கப் போயிருந்தேன். அட்டையை விரித்து அடியில் படுத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், வலப்பக்க ஹேங்கரின் வெல்டு அருமையாக இருந்தது. அதன் ஓரமாக, குழாயின் மேல், ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. “அண்ணா, வெறும் அழுக்குதானே?” என்றார் நண்பர். “துடைச்சுப் பாருங்க தம்பி” என்றேன். துடைத்தார், போனது. வண்டியின் பின்பக்கத்தை ஏறி ஏறி நான்கைந்து முறை அழுத்தச் சொன்னேன். அதே இடத்தில் மறுபடியும் கருந்தூள் எட்டிப் பார்த்தது. விரிந்த இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசி அரைத்த அலுமினிய ஆக்சைடு அது. வெல்டு உடையவில்லை, வெல்டுக்குப் பக்கத்தில் வலிமை இழந்த குழாய் உடைந்திருந்தது.

சுவருக்குள் இருக்கும் வெல்டுகளை வாங்குபவர் பார்க்கவே முடியாது. ஃபைபர்கிளாஸும் நுரையும் ஒட்டி மூடிவிடுவார்கள். இந்த வண்டிகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. ஆமிஷ் சமூகத்தினர் ஏராளமாக வேலை பார்க்கும் ஊர்கள். நல்ல கைவேலைக்காரர்கள். ஆனால் பல ஆலைகளில் கூலி, முடித்த வண்டிகளின் எண்ணிக்கைக்குத்தான். வேகத்துக்குக் காசு கொடுக்கும் இடத்தில் கிரேட்டரை நிரப்ப யார் இரண்டு நொடி கூடுதலாக நிற்பார்? இதில் தொழிலாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவருகே ஒட்டியிருக்கும் தொழில்துறைச் சங்க முத்திரையும் இங்கே உதவாது. அது குழாய், மின்சாரம், எரிவாயு, தீப்பாதுகாப்பு பற்றியது. மறைந்த வெல்டுகளை அறிய நமக்கிருக்கும் வழி, சாமான் அறைக்குள்ளும் படிக்கட்டுக்கு அடியிலும் மூடாமல் விட்டவற்றைப் பார்த்து அதே கைகள்தான் உள்ளேயும் வேலை செய்தன என்று கணிப்பதுதான்.

அடிப்பக்கத்தில் வெல்டைத் தேய்த்து மட்டமாக்கிப் பெயிண்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். அங்கே அழகுக்காகத் தேய்க்க வேண்டிய தேவை கிடையாது. படிக்கட்டுத் தாங்கியில் விரிசல் என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஹேங்கரில் என்றால் நான் திரும்பி வந்துவிடுவேன். மேலேயே இன்னொரு வெல்டு போட்டுத் தருகிறேன் என்று விற்பவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். விரிசலை முழுக்கக் குடைந்தெடுக்காமல் மேலே பூசினால் அது அடியிலிருந்து மறுபடி ஏறிவரும், புதிய சூடு அந்தக் குழாயை இன்னும் மென்மையாக்கும். நண்பரும் அந்த வண்டியை விட்டுவிட்டு, அடுத்த மாதம் வேறொன்று வாங்கினார்.

அடுத்த வாரம்: இரும்புச் சேஸிஸும் அலுமினிய உடலும் தொடும் இடத்தில் ஏற்படும் அரிப்பு.