வெட்டுக்கோடு நெளிந்து தெரிகிறதா?



பால்மரம் வெட்டும் பெண்மணி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். வயது முப்பதுக்குள்தான். "டிரஸ்ஸர் ஐயா, வெட்டுக்கோடு நடுவுல நெளிஞ்சாப்ல தெரியுது" என்றார். கண்ணில் சிவப்பில்லை, வலியில்லை. தூசியாக இருக்கும் என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். அது என் தவறு. வீட்டில் நந்தியாவட்டைப் பூச்சாறு வேறு விட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து வந்தபோது, வலக்கண்ணை மூடச் சொன்னேன். இடக்கண்ணுக்கு என் முகமே தெரியவில்லை, நடுவில் கறுப்புத் திட்டுதான்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் காரணம் தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் சிலருக்குச் சிறு படிவுகள் இருக்கும். டாக்டர்கள் 'டுரூசன்' என்பார்கள். நாளாக ஆகச் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகிப்போகும். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும், சில குடும்பங்களில் வழிவழியாக வரும். பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. சிலருக்குப் பக்கப்பார்வை மெல்லக் குறையும். மிகச் சிலருக்குத்தான், பிள்ளைகளுக்கும்கூட, படிவை ஒட்டி விழித்திரைக்கு அடியில் புது இரத்தக் குழாய்கள் முளைக்கும். அவை பலமில்லாதவை. இரத்தமும் நீரும் கசிந்து விழித்திரை மேடாகிவிடும். அதனால்தான் நேர்க்கோடு நெளிகிறது.

படிவைக் கரைக்க மருந்து கிடையாது. குழாயைத்தான் அடக்க வேண்டும். முன்பு லேசரால் சுட்டார்கள். சுட்ட இடத்தில் பார்வை போய்விடும். இப்போது பெரும்பாலும் ஊசிதான். குழாய் வளரச் சொல்லி உடம்பே சுரக்கும் ஒரு பொருளை இம்மருந்து தடுக்கிறது. இதில் ஒன்றான பெவாசிசுமாப், 2004இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கென்று அனுமதி பெற்றது. பிறகுதான் கண்ணுக்கு வந்தது.

"கண்ணுக்குள்ள ஊசியா!" என்று அந்த அம்மாளும் அலறினார். கண் மரத்துப்போகச் சொட்டு விட்டு, கிருமி நாசினி போட்டு, வெள்ளை விழியில் மெல்லிய ஊசியால் குத்துவார்கள். சில விநாடிதான். சிலருக்கு ஓர் ஊசி போதும், சிலருக்கு மாதம் ஒன்றாகச் சில ஊசிகள். குழாய் சிறியதாக, நடுப்பார்வைக்குத் தள்ளி இருந்தால், ஊசி போடாமல் கண்காணிப்பதும் உண்டு. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட சில நாளுக்குள் வலி கூடினால், கண் சிவந்தால், பார்வை மங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிருமி உள்ளே போயிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

பிள்ளைகளின் கணக்கு நோட்டில் கட்டம் போட்ட தாள் இருக்கிறதல்லவா? நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியையே பாருங்கள், பிறகு மறு கண். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். கோடு நெளிந்தாலோ, அழிந்து தெரிந்தாலோ இரண்டொரு நாளில் கண் டாக்டரிடம் போய்விடுங்கள். வேறு கண் நோயாகவும் இருக்கலாம், அதுவும் காத்திருக்காது.

அந்த அம்மாளுக்கு மூன்று ஊசி போட்டார்கள். திட்டு சுருங்கியது, முழுதும் போகவில்லை. இன்றும் மரம் வெட்டுகிறார். பிள்ளைகளையும் காட்டினோம். மூத்தவனுக்குப் படிவு இருக்கிறது, குழாய் இல்லை. ஆண்டுதோறும் பட்டணத்துக்குக் கூட்டிப்போகிறார்.