ராபர்ட்சன்பேட்டை: இடப்பெயரும் மொழிபெயர்ப்பும்

கோலார் தங்கவயலின் நடுவே அமைந்த வணிகப் பகுதி ராபர்ட்சன்பேட்டை. மைசூரில் பிரித்தானிய ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயரால் இப்பகுதி வழங்கப்பெறுகிறது. முற்பகுதி ஒரு தனிமனிதரைச் சுட்டுவதோடு நின்றுவிடுகிறது. ஊரின் அமைப்பை உணர்த்துவது ‘பேட்டை’ என்னும் பிற்பகுதியே.

பேட்டை என்பது சந்தை கூடுமிடம். நகரையொட்டிய வணிகக் குடியிருப்பு. கன்னடத்தில் ‘பேட்டெ’, தெலுங்கில் ‘பேட்ட’. மூன்றும் ஆங்கில எழுத்தில் ‘பெட்’ எனக் குறுகி ஈற்றுயிரை இழந்துவிடுகின்றன. ஆங்கில ஆவணத்தை மட்டும் நோக்கி ‘ராபர்ட்சன்பெட்’ என எழுதுதல் பெயர்த்தலாகாது. எழுத்தைப் படியெடுத்தலே ஆகும்.

இப்பேட்டைக்கு எதிர்ச்சொல்லாக ஊரார் வழக்கில் நிற்பது ‘லைன்’. வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர், கம்பெனி நிலத்தில் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். அவையே லைன்கள். லைன் கம்பெனியுடையது, பேட்டை கடைக்காரருடையது. இரண்டையும் ‘குடியிருப்பு’ என்று ஒரே சொல்லால் பெயர்ப்பின் உடைமை வேறுபாடு மறைந்துவிடும். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டபின் தொழிலாளரின் வீட்டுரிமை பெருஞ்சிக்கலாக எழுந்தது. அவ்விடத்து இவ்வேறுபாடு அகராதிச் செய்தி மட்டுமன்று.

பேட்டை என்னும் கூறின் உறுதிக்கு அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. மைசூர் ஆணையர் பவ்ரிங் பெயரால் அமைந்த பவ்ரிங்பேட்டை பின்னர் பங்காரப்பேட்டை ஆயிற்று. ‘பங்கார’ கன்னடத்தில் பொன். ஒலியும் ஓரளவு ஒத்தது, பொருளும் இடத்திற்கு இசைந்தது. முன்னொட்டு மாறியும் பேட்டை மாறவில்லை.

சுரங்கப் பெயர்களின் நிலை வேறு. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரையுள்ள கிளைப் பாதையில் கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்பன இன்றும் ரயில் நிலையப் பெயர்களாக உள்ளன. இவற்றுள் கோரமண்டல் வியப்புக்குரியது. சோழமண்டலம் என்னும் தமிழ்ச்சொல் ஐரோப்பியர் நாவில் திரிந்து கடற்கரைப் பெயராகி, கடலே இல்லாத பொன்வயலுக்கு வந்து சேர்ந்தது. மூலம் தமிழென்று கண்டு ‘சோழமண்டலம்’ எனத் திருப்பி எழுதுதல் தகாது. அப்பெயரில் அங்கு நிலையம் இல்லை.

‘குப்பம்’ என்றதும் மீனவர் ஊரைக் கருதுவாரும் உளர். உள்நாட்டில் அது சிற்றூர் என்னும் அளவே. அந்த மாரிக்குப்பத்தில்தான் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் ரயிலேறுகின்றனர்.