அன்று பேனல் சாவி, இன்று பாஸ்வேர்ட்

ஐ.டி. ஆள் என்றால் ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடமும் கழுத்து அட்டையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. வடக்கே, ஜி.என்.டி. ரோட்டுப் பக்கம், சேஃப்டி ஷூவோடு லேப்டாப் திறக்கும் கூட்டம் ஒன்று உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்க்கண்டிகை, திருவள்ளூர் அருகே காக்களூர், மேல்நல்லாத்தூர் என்று பரவிக் கிடக்கும் ஆலைகளில், மெஷினை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.க்கு ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள், சென்சார் மாட்டுகிறவர்கள், ஸ்டோர்ஸில் இ.ஆர்.பி. பார்க்கிறவர்கள். எங்கள் வேலையில் பிழை வந்தால் திரையில் சிவப்பு எழுத்து வருவதோடு முடியாது. ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறித் துள்ளும். அதனாலோ என்னவோ, மென்பொருள் பற்றியும் அதன் அரசியல் பற்றியும் எங்களுக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு. அந்தக் கருத்துகள் மாறியிருக்கும் விதம் எனக்கு முழுத் திருப்தியாக இல்லை.

ரிலே காலத்தின் கடைசியில் இந்த வேலைக்கு வந்தவன் நான். பேனல் கதவைத் திறந்தால் கான்டாக்டர்களும் டைமர்களும் வரிசையாகத் தடதடக்கும். கதவின் உட்புறப் பையில், எண்ணெய்க் கறையோடு, மடித்து மடித்துக் கிழிந்த டிராயிங் இருக்கும். மெஷின் நின்றால் ஐ.டி.ஐ. முடித்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் டெஸ்ட் லேம்ப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு டெர்மினலாகத் தொட்டுப் பார்த்து, எங்கே கரண்ட் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பேனல் சாவி பெரும்பாலும் எல்லாப் பேனலுக்கும் ஒன்றேதான். தொலைந்துவிட்டால் கட்டிங் பிளேயரால் திருகித் திறப்பார்கள். மெஷின் ஜெர்மனியில் இருந்து வந்ததா, லூதியானாவில் இருந்து வந்ததா என்பதெல்லாம் வாங்கும்வரைதான். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகு அது எங்களுடையது.

கருத்துகளும் அப்போது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. கேட் மீட்டிங்கில் போனஸ், கேன்டீன், பஸ் வசதி, நிரந்தரம். டீக்கடையில் தினத்தந்தி. உலகத் தொழில்நுட்பம் என்பது தினமலரின் கம்ப்யூட்டர் மலரும் சுஜாதாவின் கேள்வி பதிலும். சுஜாதாவை இங்கே சும்மா இழுக்கவில்லை. பெங்களூர் பெல் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் அவர். தானே மெஷின் செய்து, அதைப் பற்றித் தமிழில் விளக்கவும் தெரிந்த தொழில்நுட்ப ஊழியர் என்று அந்தத் தலைமுறையில் அவரைவிட்டால் யாரைச் சொல்வது? கதைகளுக்காக அவரைப் படித்தவர்கள் அதிகம். எங்கள் ஷாப்பில் டிரான்சிஸ்டருக்காகப் படித்தவர்களும் இருந்தார்கள்.

ஊரும் அப்போது வேறாக இருந்தது. 1998-ல் திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் வரத் தொடங்கியது இந்தப் பக்கத்துக்கே பெருமை. அந்த ஆலை கைமாறி, இப்போது அதே வளாகத்தில் இருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன. மின்சார இ-சி3 உட்பட. கும்மிடிப்பூண்டி அருகே மஹிந்திராவின் ஆரிஜின்ஸ் பூங்காவில் ஓம்ரான் கம்பெனி ரத்த அழுத்தமானிக்கு ஆலை போட்டிருக்கிறது. எங்களுக்கு ஓம்ரான் என்றால் பேனலுக்குள் இருக்கும் ரிலேயும் டைமரும். மற்றவர்களுக்கு அது டாக்டர் வாங்கச் சொன்ன பி.பி. மெஷின். பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க்கே திறந்தாகிவிட்டது. 2000-ல் தரமணியில் முதல் டைடல் திறந்தபோது, அது வேறு நாட்டுச் செய்தி போல இருந்தது எங்களுக்கு.

உலகச் செய்தி எங்கள் பேனலுக்குள் நேராக நுழைந்தது 2010-ல். ஸ்டக்ஸ்நெட். இரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தைக் குறிவைத்த அந்த வைரஸ், விண்டோஸ் கணினி வழியாகப் போய் சீமென்ஸ் பி.எல்.சி.யின் ப்ரோக்ராமையே மாற்றி எழுதியது. ஆபரேட்டர் திரையில் மட்டும் எல்லாம் சரியாக ஓடுவதாகக் காட்டியது. அதிகம் தொற்றிய நாடுகளில் இரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா. அது தாக்கியது எங்கள் ஆலைகளில் சாதாரணமாகக் கிடக்கும் எஸ்7-300 வகையைத்தான். செய்தி வந்த பிறகு பல இடங்களில் யு.எஸ்.பி. துளைக்கு டேப் ஒட்டினார்கள். அணுகுண்டு அரசியலும் நம்ம ஊர் கன்வேயரும் ஒரே கார்டில் ஓடுகின்றன என்று புரிந்த நாள் அது. டேப் சில மாதத்தில் உரிந்துபோனது வேறு விஷயம்.

அடுத்த ஆண்டு, 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், ஜெயலலிதா அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, தமிழக அரசின் எல்காட் நிறுவன நிர்வாக இயக்குநராக உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தபோது, அரசுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்ற ஒரு முனைப்பு நடந்தது. மென்பொருளுக்கு யார் எஜமானர் என்ற கேள்வியைத் தமிழக அரசு அலுவலகம் ஒன்று வெளிப்படையாகக் கேட்டது அப்போதுதான். எங்களில் பலர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ரிச்சி தெருவில் திருட்டு சிடி கிடைக்கும்போது எஜமானர் யாராக இருந்தால் என்ன என்பதுதான் பொதுக் கருத்து. மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளும் பெரும்பாலும் விண்டோஸைத்தான் திறந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சினிமா அதில்தான் சுலபமாக ஓடியது.

மென்பொருள் நின்றால் ஊரே நிற்கும் என்று லாரி டிரைவருக்கும் தெரியவைத்தது இ-வே பில். அதற்கு முன்பு வாட் காலத்தில் சரக்கு கிளம்ப ஃபார்ம் ஜேஜே வேண்டும். கார்பன் வைத்து எழுதி, முத்திரை குத்தி, டிரைவர் கையில் கொடுத்தால் வண்டி ஆந்திர எல்லை நோக்கிப் போய்விடும். அங்கே காத்திருப்பும் இருந்தது, வேறு சில வழக்கங்களும் இருந்தன. அந்தக் காலத்தைப் புனிதமாக்க நான் வரவில்லை. 2018 பிப்ரவரி 1 அன்று இ-வே பில் நாடு முழுவதும் கட்டாயம் என்றார்கள். அன்றைக்கே தளம் படுத்துவிட்டது. அரசு தள்ளிவைத்து, ஏப்ரல் 1-ல் மறுபடி தொடங்கியது. லோடு ஏற்றிய வண்டி கேட்டுக்குள் நிற்க, டெஸ்பாட்ச் அலுவலர் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க, டிரைவர் வந்து, “சார், பேப்பர்ல எழுதிக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்” என்று கேட்பார். அவர் கேட்டதில் தப்பில்லை. எழுதிக் கொடுக்கும் அதிகாரம்தான் ஆலையில் யாருக்கும் இல்லாமல் போயிருந்தது.

இப்போது காலை நேர கும்மிடிப்பூண்டி யூனிட் ரயிலில் ஏறிப் பாருங்கள். மீஞ்சூர் தாண்டுவதற்குள் உலகத்தின் எல்லாத் தொழில்நுட்பச் செய்திக்கும் தீர்ப்பு வந்துவிடும். ஏ.ஐ. யார் வேலையைத் தின்னும், அமெரிக்கா எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கேட்பது சரியா, சிப் ஆலை ஏன் குஜராத்துக்குப் போகிறது. கட்சிக் கொடியைப் பொறுத்துப் பதில் மாறும். பேசுகிறவர்களைப் பரிகசிக்கவில்லை, அந்தப் பெட்டியில் நானும் உண்டு. ஆனால் இந்தப் பேச்சில் ஒன்று கவனித்தேன். செய்தி எவ்வளவு தொலைவில் நடக்கிறதோ அவ்வளவு உறுதியாகப் பேசுகிறோம்.

கவரைப்பேட்டை ஒரு நல்ல உதாரணம். 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் அந்த ஸ்டேஷனில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. உயிரிழப்பு இல்லை என்பது பெரிய ஆறுதல். மெயின் லைனுக்கு சிக்னல் கிடைத்த வண்டி லூப் லைனுக்குள் போயிருந்தது. மறுநாளே எல்லோரும், ரயில் மோதலைத் தடுக்கும் கவச் அமைப்பில் நிபுணர்கள். கவச் இருந்தால் நடந்திருக்காது என்று ஒரு கட்சி, சிக்னல் மென்பொருளை ஹேக் செய்துவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி. எங்கள் பழைய ஃபிட்டர் ஒருவர் மட்டும் கேட்டார்: “பாயின்ட்டுல போல்ட் இருந்துச்சான்னு பாத்தாங்களாப்பா?” ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கடைசியில் அங்கேதான் போய் நின்றது: பாயின்ட்டின் இயந்திர பாகங்களை யாரோ கழற்றியிருக்கிறார்கள். கையால் தொட்டு வேலை செய்தவருக்கு வரும் கேள்வி, செய்தியை மட்டும் படிக்கிறவருக்கு வருவதில்லை.

வேலை நேர விவகாரமும் அப்படித்தான். 2023 ஏப்ரல் 21-ல் சட்டப்பேரவையில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே 1-ல் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். எங்கள் பகுதியை நேராகத் தொடும் செய்தி. போனில் அது இரண்டு நாள் ஓடியிருக்குமா தெரியாது. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் வாரத்துக்கு 90 மணி நேரம் என்று சொன்னபோது மீம் மீமாக வந்து குவிந்தது. ஓ.எம்.ஆர். நண்பர்களுக்கு வலித்தது, நியாயம்தான். கும்மிடிப்பூண்டியில் ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து காண்ட்ராக்டில் நிற்கிறவர்களுக்கு 12 மணி நேர ஷிஃப்ட் எந்தச் சட்டத்துக்கும் முன்பே பல இடங்களில் நடைமுறை. அவர்கள் யாரும் மீம் அனுப்பவில்லை.

2025-ல் சுதேசி மென்பொருள் அலை அடித்தது. ஜூலையில் ஐரோப்பிய யூனியன் தடை விதித்ததும் குஜராத் வாடினாரில் ஆலை வைத்திருக்கும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. பணம் கட்டிய மென்பொருள், இந்திய மண்ணில் இருக்கும் கம்பெனி, மெயில் திறக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகு சேவை திரும்பியது. அடுத்து செப்டம்பரில் மத்திய அமைச்சர்கள் சோஹோவுக்கு மாறுவதாக அறிவிக்க, அந்தக் கம்பெனியின் அரட்டை செயலி திடீரென்று எல்லோர் போனிலும் வந்தது. சோஹோவை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு நம்மவர் என்று எங்கள் பெட்டியிலும் கைதட்டல். அப்போது அதில் எழுத்து அரட்டைக்கு முழு மறையாக்கம் இல்லை என்று சொன்னவரைத் துரோகி மாதிரிப் பார்த்தார்கள். சோஹோ சென்னையில் இருந்து வளர்ந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பூட்டை உள்ளூர்க்காரர் செய்தாலும் சாவி யாரிடம் என்று கேட்டே ஆகவேண்டும்.

இந்தக் கேள்வியை நாங்கள் எங்கள் தரையில் கேட்பதில்லை என்பதுதான் என் குறை. எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் வெளிநாட்டு பேக்கிங் மெஷின் ஒன்று. பி.எல்.சி.க்கு விற்றவர் பாஸ்வேர்ட் போட்டிருந்தார். உள்ளே இருக்கும் ப்ரோக்ராமைப் பார்க்க முடியாது, நகல் எடுக்க முடியாது. பழைய பி.எல்.சி.க்கள் பலவற்றில் ப்ரோக்ராம் ஒரு சின்ன லித்தியம் பேட்டரியின் தயவில் நினைவகத்தில் நிற்கும். பேட்டரி தீர்ந்திருக்கும்போது கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும். அங்கே அதுதான் நடந்தது. முன்பென்றால் அரைமணி நேர வேலை: புது பேட்டரி, லேப்டாப், நகலை ஏற்று, லைனை ஓட்டு. இப்போது விற்றவருக்கு மெயில், அவர் அனுப்பிய கொட்டேஷன், விமான டிக்கெட், சர்வீஸ் இன்ஜினியர் தங்க ஹோட்டல். லைன் வாரக்கணக்கில் நின்றது. தினக்கூலிக்காரர்களை வரவேண்டாம் என்றார்கள். அந்த வாரங்களிலும் ரயில் பெட்டியில் பேச்சு ஏ.ஐ. பற்றித்தான்.

போலந்தில் இதைவிடப் பெரிய கதை 2023 டிசம்பரில் வெளிவந்தது. நேவாக் என்ற கம்பெனியின் ரயில்களை வேறு பணிமனை பழுதுபார்த்த பிறகு அவை கிளம்பவே இல்லை. வரவழைக்கப்பட்ட நிரலாளர்கள் உள்ளே தோண்டியபோது, போட்டிப் பணிமனைகளின் ஜி.பி.எஸ். இடக்குறிகள் ப்ரோக்ராமில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே சில நாள் நின்றால் ரயில் பூட்டிக்கொள்ளுமாம். கம்பெனி மறுக்கிறது. எங்களுக்கு அது அதிர்ச்சி தரவில்லை. ‘சர்வீஸ் டியூ, காண்டாக்ட் வெண்டர்’ என்று திரை நின்றுவிடும் மெஷின்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சுஜாதா காலத்து வாக்குப்பதிவு இயந்திரத்துக்கே திரும்புகிறேன். 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், வி.வி.பாட் சீட்டுகள் அனைத்தையும் எண்ணும் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர் கேட்டால், 5 சதவீத இயந்திரங்களின் மைக்ரோ கன்ட்ரோலர் நினைவகத்தைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும் என்றது. அது போதுமா என்பது தனி விவாதம். தோற்ற வேட்பாளருக்கு அவ்வளவாவது உண்டு. கோடி ரூபாய் கொடுத்து மெஷின் வாங்கிய கும்மிடிப்பூண்டி முதலாளிக்கு, தான் வாங்கிய ப்ரோக்ராமைத் திறந்து பார்க்கும் உரிமை பல நேரம் இல்லை. அவருக்கு அது தெரிவதும் இல்லை, ஏனென்றால் பர்ச்சேஸில் யாரும் எங்களைக் கேட்பதில்லை. நாங்களும் வாய் திறப்பதில்லை.

எனவே மெயின்டனன்ஸிலும் ஆட்டோமேஷனிலும் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மெஷினுக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் போடும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். கமென்ட்டோடு கூடிய ப்ரோக்ராம், எல்லா பாஸ்வேர்டும், லைசென்ஸ் ஆலையின் பேரில், எலெக்ட்ரிக்கல் டிராயிங் இரண்டு செட் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வெண்டர் தொடர்பே இல்லாமல் நகலை நீங்களே ஒருமுறை ஏற்றி, லைன் ஓடுவதைப் பாருங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு விடச் சொல்லுங்கள்.