பெயர்ப் பட்டியலில் தொடங்கிய பெருந்தேர்தல்

1951 அக்டோபர் 25 முதல் 1952 பிப்ரவரி 21 வரை நடைபெற்ற இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலைப் பற்றிய பேச்சு, எந்தக் கட்சி வென்றது, எந்தத் தலைவர் தோற்றார் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால், நூற்றுக்கு 85 பேர் எழுதப் படிக்க அறியாத ஒரு நாட்டில், ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்களுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்ற முறையில் அதனை அணுகினால், முன்னனுபவமே இல்லாத பெருநிகழ்வு ஒன்றை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சொத்து, வரி, கல்வி ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு சிலருக்கு மட்டும் வாக்குரிமை அளித்திருந்த ஆங்கில ஆட்சிக்காலத் தேர்தல்களின் அனுபவம், 21 வயது நிறைந்த அனைவருக்கும் வாக்குரிமை என்ற புதிய ஏற்பாட்டுக்குப் போதுமானதாக இல்லை.

தலைமைத் தேர்தல் ஆணையராக 1950 மார்ச்சில் பொறுப்பேற்ற சுகுமார் சென், கணிதத்தில் தங்கப் பதக்கம் பெற்றவர்; மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலராகப் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி. 1951இன் முற்பகுதியிலேயே தேர்தல் நடந்துவிட வேண்டும் என்று பிரதமர் நேரு விரும்பியபோது, பொறுத்திருக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். அந்தத் தயக்கமே அவர் செய்த முதல் நற்செயல் எனலாம். ஏனெனில், நாள் குறிப்பதற்கு முன் வேலையின் அளவை அறிந்தாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அந்த வேலையின் அடித்தளம் வாக்காளர் பட்டியல். இன்னார் இந்த ஊரில் வாழ்கிறார், இவருக்கு வாக்குரிமை உண்டு என்று உறுதிசெய்யும் அப்பதிவேடு இல்லாமல், எத்தனை சாவடி, எவ்வளவு தாள், எத்தனை அலுவலர் என்ற எந்தக் கணக்கையும் போட இயலாது. இதற்கான முன்னேற்பாட்டை அரசியல் நிர்ணய சபையின் செயலகம் 1947 இறுதியிலேயே, அதாவது அரசியலமைப்பு எழுதி முடிக்கப்படுவதற்கு முன்பே, தொடங்கிவிட்டது. பிரிவினையால் வீடிழந்து வந்தவர்கள் ஓரிடத்தில் குறிப்பிட்ட காலம் வசித்ததை எப்படி மெய்ப்பிப்பார்கள் என்ற கேள்வி எழுந்தபோது, அங்கேயே நிலையாகக் குடியிருக்கப் போவதாக அவர்கள் அளிக்கும் உறுதிமொழியே போதும் என்று முடிவு செய்யப்பட்டது. விதியை மனிதருக்காக வளைத்த அம்முடிவு போற்றத்தக்கது. தொகுதிவாரியாகப் பெயர்களைத் தட்டச்சு செய்து ஒப்பிட்டுச் சரிபார்க்க 16,500 எழுத்தர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். பட்டியலை அச்சிட 3,80,000 ரீம் தாள் செலவாயிற்று.

இத்தனை உழைப்புக்குப் பிறகும் பெண்களின் பெயர்கள் பெருஞ்சிக்கலாக நின்றன. வட மாநிலங்கள் பலவற்றில் பெண்கள் தம் பெயரைக் கணக்கெடுப்பாளரிடம் சொல்ல மறுத்து, இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்றே பதிவு செய்துகொண்டனர். கணவர் பெயரைச் சொல்லத் தயங்கும் பெண்களை அறிந்த தமிழ் வாசகருக்கு, தம் பெயரையே மறைக்கும் இவ்வழக்கம் சற்று வியப்பளிக்கலாம். அத்தகைய பதிவுகளை ஏற்க மறுத்த சென், பெயரைத் தெரிவிக்கப் பீகாரில் கூடுதலாக ஒரு மாதம் அவகாசம் அளித்தார். அதன் பின்னரும் நாடு முழுவதும் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. வாக்களிப்பவர் தனி மனிதராக அறியப்பட வேண்டும் என்ற கொள்கை சரியானதே. எனினும், அதற்கான விலையை அப்பெண்கள் தம் வாக்கினால் கொடுத்தனர் என்பதும் உண்மை.

அடுத்த சிக்கல் வாக்குப்பெட்டி. எழுத்தறியாதவரும் குழப்பமின்றி வாக்களிக்க, அன்றாட வாழ்வில் கண்டு பழகிய பொருள்கள் சின்னங்களாயின. ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவர் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. வாக்காளர் சீட்டில் எதையும் எழுதவோ முத்திரையிடவோ வேண்டியதில்லை. மறைவிடத்துக்குள் சென்று, தாம் விரும்பும் சின்னமுள்ள பெட்டியில் சீட்டைப் போட்டாலே போதும். வாக்காளருக்கு இது எளிது; ஏற்பாட்டாளருக்கோ பெருஞ்சுமை. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்ததால், மக்களவைக்கு ஐவரும் சட்டமன்றத்துக்கு எழுவரும் போட்டியிடும் இடத்தில் ஒரு சாவடிக்கே 12 பெட்டிகள் தேவைப்பட்டன. எத்தனை பேர் போட்டியிடுவார்கள் என்பது வேட்புமனு முடியும்வரை தெரியாது. பெட்டிகளோ அதற்கு வெகு முன்பே ஆலைகளில் உருவாகத் தொடங்க வேண்டும். மொத்தத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட எஃகுப் பெட்டிகள் 8,200 டன் எஃகில் செய்யப்பட்டன. அவற்றுள் 12 லட்சத்துக்கும் அதிகமானவை பம்பாயின் விக்ரோலியில் கோத்ரெஜ் ஆலையில் உருவானவை. தனித்தனிப் பூட்டு வாங்கினால் செலவு மிகும் என்பதால், மூடியதும் உட்புறமாகவே பூட்டிக்கொள்ளும் அமைப்பு அப்பெட்டிகளுக்குள் பொருத்தப்பட்டது.

நாடு முழுவதற்கும் ஒரே நாள் குறிக்கும் பிழையைச் சென் செய்யவில்லை. பனிக்காலம் வந்தால் பாதை அடைபடும் என்பதால், இமாசலப் பிரதேசத்தின் சினி பகுதியில் அக்டோபரிலேயே வாக்குப்பதிவு நடந்தது. மலைப்பகுதிகளில் ஆறுகளைக் கடக்கப் பாலங்கள் கட்டப்பட்டன. தீவுகளுக்குக் கடற்படைக் கலங்கள் பொருள்களைக் கொண்டு சென்றன. இருமுறை வாக்களிப்பதைத் தடுக்க விரலில் இடும் அழியாத மை 3,89,816 புட்டிகள் பயன்பட்டது. வாக்களிக்கும் முறையை விளக்கும் படம் 3,000க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் காட்டப்பட்டது. ஒத்திகைத் தேர்தல்களும் நடத்தப்பட்டன.

இவ்வளவுக்குப் பின்னும் குறைகள் இருந்தன. சீட்டைப் பெட்டியில் போடாமல் வெளியே எடுத்துச் சென்று பிறரிடம் கொடுக்க வழியிருந்தது. தனிப்பெட்டி முறையின் இக்குறை, ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு முத்திரையிடச் செய்யும் முறை 1962இல் பொதுத்தேர்தலுக்கு வந்தபோதுதான் நீங்கியது. அதற்கு முன், 1957இல் இரண்டாம் பொதுத்தேர்தலையும் சுகுமார் சென்னே நடத்தினார். முதல் தேர்தல் முடிந்ததும் பெட்டிகளை அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால், இம்முறை சில லட்சம் பெட்டிகளை மட்டுமே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. தேர்தல் செலவும் முன்னதைவிட ஏறத்தாழ நாலரைக் கோடி ரூபாய் குறைந்தது.